மனவலிமை நாள்தோறும் வளரும்

வாழ்க்கைத்துணையின் மறைவு, பணி ஓய்வு, நோய் ஆகியவை யாரையும் உலுக்கிவிடும். மனவலிமை என்பது அழாமல் இருப்பதன்று. துயரத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல அன்றாட வாழ்க்கைக்குத் திரும்பும் ஆற்றலே மனவலிமை. அதை எந்த வயதிலும் வளர்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்காக

• தினமும் ஒரே நேரத்தில் தூங்கி எழுங்கள். தூக்கம் குறைந்தால் சிறிய கவலையும் பெரிதாகத் தெரியும்.

• வாரத்திற்கு 150 நிமிடமாவது விறுவிறுப்பாக நடங்கள். நாளுக்கு 30 நிமிடம் வீதம் 5 நாள் நடந்தால் போதும். முடியாதவர்கள் 10 நிமிடங்களாகப் பிரித்து நடக்கலாம்.

• காப்பிக்கடை நண்பர், பக்கத்து வீட்டார், கோயிலில் பழகியவர் என ஒருவரிடமாவது தினமும் பேசுங்கள். 60 வயதைக் கடந்தவர்கள் அருகிலுள்ள துடிப்பான மூப்படைதல் நிலையத்திற்கும் செல்லலாம்.

பேரப்பிள்ளைகளுக்காக

தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம், "இதற்கெல்லாமா அழுவது?" என்று கேட்காதீர்கள். "வருத்தமாகத்தான் இருக்கும்" என்று கூறி, பிள்ளை பேசி முடிக்கும்வரை கேளுங்கள். பிறகு, உங்கள் வாழ்வில் வந்த ஒரு கஷ்டத்தையும், அப்போது யார் கைகொடுத்தார் என்பதையும் சொல்லுங்கள். உதவி கேட்பது பலவீனமன்று என்பதைப் பிள்ளைகள் உங்களிடமிருந்தே கற்றுக்கொள்வார்கள்.

எப்போது உதவி நாடவேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமோ பசியோ இன்றி, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், "வயதானால் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ சொல்லுங்கள். தேசிய மனநல உதவி எண் 1771ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம்.