குர்லாவின் இரு கிர்ணிகள்

மராத்தியில் 'கிர்ணி' என்றால் பஞ்சாலை. மாவு மில்லுக்கும் அதே பெயர்தான். 1928இல் பம்பாயில் தோன்றிய பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் 'கிர்ணி காம்கார் யூனியன்' என்றே பெயர் பூண்டது. குர்லாவில் இருவகைக் கிர்ணியும் உண்டு. 1886இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா அங்கிருந்த தரம்சி ஆலையை வாங்கி, 'சுதேசி மில்' என்று பெயர் மாற்றினார். அப்பெருங்கிர்ணி 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டது. எங்கள் சந்து முனையிலுள்ள சிறு கிர்ணியோ இன்றும் சுழல்கிறது! கோதுமை டப்பாவைச் சுமந்து அங்கே சென்று வரும் நான், அது நிலைத்ததன் காரணத்தை அதன் கல்லிலேயே கண்டேன்.

நம் பாட்டிமார் சுழற்றிய திரிகைதான் இவ்வியந்திரத்தின் தாய். இரண்டு வட்டக் கற்களில் ஒன்று அசையாது. மற்றொன்றை மின்சார மோட்டார் பெல்ட் மூலம் சுழற்றும். மேல்தொட்டியில் கொட்டிய தானியம் கற்களின் நடுவே இறங்கி, ஓரத்தை நோக்கி நகர நகர மாவாகிறது. வாயில் கட்டிய நீண்ட துணிக்குழாய் மாவு பறக்காமல் காக்கிறது. திருகாணியை இறுக்கினால் மாவு நைசாகும், தளர்த்தினால் ரவையாகும். அளவு மீறி இறுக்கினால் கல் சூடேறி மாவின் மணம் கெடும். அம்மியைப் போலவே இக்கல்லையும் அவ்வப்போது கொத்த வேண்டும்.

பெரிய மாவாலைகளின் முறை வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் உருளை ஆலைகள் பெருகின. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரும்பு உருளைகள் கோதுமையைப் பிளக்கும். சல்லடைகள் தவிட்டையும் முளைக்கருவையும் பிரித்துவிடும். முளையின் எண்ணெய் நீங்கிய வெண்மாவு நெடுநாள் கெடாது, தொலைதூரமும் போகும். கல்லில் அரைத்த மாவிலோ தவிடும் எண்ணெயும் தங்கிவிடுகின்றன. சத்து மிகுதி; ஆனால் நாள்பட்டால் சிக்குவாடை வீசும். ஆகவே வேண்டும்போதெல்லாம் வீட்டருகிலேயே சிறிது சிறிதாக அரைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாவின் குறையே சிறு கிர்ணிக்கு வாழ்வளிக்கிறது அன்றோ!

இன்று பாக்கெட் மாவு வாசலுக்கே வருகிறது. சிறு கிர்ணியில் கூட்டம் குறைகிறது. நண்பர்களே, நாம் பொறுக்கிப் புடைத்த தானியம் நம் கண்ணெதிரே மாவாகும் இடம் அது ஒன்றுதான். ஒருமுறையேனும் உங்கள் டப்பாவுடன் அங்கே சென்று வாருங்கள். சூடு ஆறாத அம்மாவின் மணமே மற்றவற்றைச் சொல்லும்.