கொற்கைக் கரையின் காலணிக் கணக்கு

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டிலும் சேர்த்து 52. உடலின் 206 எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு பாதங்களில்தான் இருக்கிறது. இவற்றைக் காக்க நாம் எவ்வளவு செலவிடுகிறோம், அதை எந்தச் செருப்பில் போடுகிறோம் என்று எழுதிப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் கணக்கு தலைகீழாக இருக்கும். எப்போதாவது போடுவதற்கு அதிகப் பணம், எப்போதும் போடுவதற்குக் குறைந்த பணம். தூத்துக்குடி உப்பளங்களில் இந்தத் தலைகீழ்க் கணக்கு காயமாகவே மாறிவிடுகிறது.

கீழே வரும் கடை விலைகளும் உழைக்கும் நாள்களும் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் போக்கு மாறாது.

1. சேர்ப்பவர் கணக்கு

1986-இல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் நாட்டை விட்டு ஓடியபோது, அவர் மனைவி இமெல்டாவிடம் 3,000 ஜோடி காலணிகள் இருந்ததாகப் பேச்சு எழுந்தது. பிறகு சொல்லப்பட்ட எண்ணிக்கை 1,060. நாளுக்கு ஒரு ஜோடி என்று மாற்றினாலும், முதல் ஜோடியின் முறை மறுபடி வர 2 ஆண்டு 330 நாள் ஆகும்.

நம் வீட்டு அலமாரிக்கும் இதே வகுத்தல்தான்.

கல்யாணத்துக்கான ஷூ: விலை 2,400 ரூபாய். ஆண்டுக்கு 6 முறை, 3 ஆண்டு. மொத்தம் 18 முறை. ஒரு முறைக்கு 133 ரூபாய்.

வேலைக்கான ஷூ: விலை 1,600 ரூபாய். 375 நாள் உழைக்கும். நாளுக்கு 4 ரூபாய் 27 காசு.

மலிவு ரப்பர் செருப்பு: விலை 150 ரூபாய். 90 நாளில் தேயும். நாளுக்கு 1 ரூபாய் 67 காசு.

மெத்தென்ற அடிப்பகுதியுள்ள செருப்பு: விலை 600 ரூபாய். 400 நாள் உழைக்கும். நாளுக்கு 1 ரூபாய் 50 காசு.

மலிவுச் செருப்பு மலிவில்லை என்பதைக் கடைசி இரண்டு வரிகள் காட்டுகின்றன. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. பாலியூரித்தேன் அடிப்பகுதி காற்றின் ஈரத்தால் மெல்லச் சிதையும். பெட்டியில் பூட்டி வைத்த ஷூவைச் சில ஆண்டு கழித்து எடுத்துப் போட்டால், அடிப்பகுதி கேக் துண்டுபோல உதிர்வதுண்டு. தூத்துக்குடியின் ஈரக்காற்றில் ஷூவைப் பத்திரப்படுத்துவதே அதைப் பாழாக்கும் வழியாகிவிடலாம். போடுகிற அளவுக்கு மட்டும் வாங்குவது நல்லது: தினசரிக்கு மாற்றி மாற்றிப் போட இரண்டு ஜோடி, மழைக்கு ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று. நான்கு போதும்.

2. அளவுக் கணக்கு

நம் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். சுற்றளவில் கூடுவது கால் அங்குலம், சுமார் 6.4 மில்லிமீட்டர். அகலப் பாதம் உள்ளவர் விரல் நெருக்குகிறது என்று ஒரு எண் பெரிதாக வாங்கினால், அந்த 6.4-க்காகத் தேவையில்லாத 8.5-ஐயும் சுமக்கிறார். குதிகால் வழுக்கி மேலேறி இறங்குகிறது. தோல் உரிகிறது.

இது ஒருவர் இருவர் சிக்கலில்லை. சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் பொதுவாக அகலமானது என்று தெரிந்தது. அதன் பேரில்தான் ‘பா’ என்ற புதிய அளவுமுறை முன்வைக்கப்பட்டது. அது கடைக்கு வரும்வரை செய்யக்கூடியது: மாலையில், பாதம் சற்றே வீங்கியிருக்கும் நேரத்தில், தாளில் நின்று இரண்டு காலையும் வரைந்து, பெரிய காலின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு போங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் 10 மில்லிமீட்டர் இடம் வேண்டும்.

3. சுகத்தின் விலை

குதி உயர உயர, முன்பாதத்தில் அழுத்தம் ஏறுகிறது. 1992-இல் வெளியான ஓர் ஆய்வின்படி 1 அங்குலக் குதிக்கு 22 விழுக்காடு, 2 அங்குலத்துக்கு 57, 3 அங்குலத்துக்கு 76.

எதிர்ப்பக்கம் எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறது. நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர். கடினத்தன்மை ஷோர் அளவில் 15 அளவுக்கே இருக்கும். தொழுநோயால் உணர்வு இழந்த பாதங்களைப் புண்ணிலிருந்து காக்க வேலூர், கரிகிரி மருத்துவர்கள் பல்லாண்டு பயன்படுத்திய பொருள் இது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறார்கள். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. எம்.சி.ஆர். செருப்பை வெறும் ஆஸ்பத்திரிச் செருப்பு என்று ஒதுக்குவதற்கில்லை.

வரியும் குறைந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. 1,800 ரூபாய் ஷூவுக்கு முன்பு 18 விழுக்காட்டில் 324 ரூபாய் வரி, இப்போது 90. மிச்சமாகும் 234 ரூபாயில் உள்ளே போடும் மெத்தை வாங்கலாம்.

4. உப்பளத்துக் கணக்கு

தூத்துக்குடி மாவட்டத்தில், பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கையை விட்டுக் கடல் சில கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. முத்துக்குளிப்பும் 1961-உடன் நின்றது. இந்தக் கரையில் இன்றும் வெள்ளையாய் விளைவது உப்பு: சுமார் 25,000 ஏக்கர், ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் டன்.

கடல்நீரில் உப்பு 3.5 விழுக்காடு. பாத்தியில் உப்பு பூக்கும் நேரத்தில் அது 26 விழுக்காட்டை நெருங்கும். ஏழு மடங்குக்கும் மேல். அந்தத் தண்ணீரில் நின்று உப்பு வாரும் காலில் ஈரம் வற்றுகிறது, தோல் வெடிக்கிறது, வெடிப்பில் மறுபடி உப்புநீர் இறங்குகிறது. படிகத்தின் விளிம்போ கண்ணாடிச் சில்லுபோல அறுக்கும்.

50 கிலோ எடையுள்ள பெண் 25 கிலோ சுமந்து வரப்பில் நடந்தால், ஒவ்வொரு அடியிலும் ஊன்றும் காலில் இறங்குவது 75 கிலோ மட்டுமில்லை. நடையின் வேகம் அதை 1.2 மடங்காக்குகிறது: 90 கிலோ. ஆயிரம் அடி நடந்தால் ஒரு காலுக்கு 500 × 90 = 45,000 கிலோ.

ரப்பர் பூட்ஸ் கொடுத்தால் தீர்ந்தது என்று சொல்வார்கள். ஒரே ஒரு ஜோடி என்றால் தீராது. ரப்பருக்குள் வியர்வை தேங்கும். மேல்விளிம்பு வழியே உப்புநீர் இறங்கும். உள்ளே தங்கிய படிகம் கணுக்காலைத் தேய்க்கும். ஆண் அளவு பூட்ஸுக்குள் சிறிய பாதம் ஆடினால், வெறுங்காலே மேல் என்று கழற்றி வரப்பில் வைத்துவிடுவார்கள். தினமும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் தலைகீழாகக் காய வைக்க வேண்டும். காயும் நாளில் போட மாற்று வேண்டும்.

ஒரு தொழிலாளிக்கு ஒரு பருவத்துக்கு வேண்டியது:

சரியான அளவில் ரப்பர் பூட்ஸ், 2 ஜோடி × 450 = 900
பருத்திக் காலுறை, 6 ஜோடி × 40 = 240
உள்மெத்தை, 2 ஜோடி × 100 = 200
வீட்டுக்கும் வழிக்கும் செருப்பு, 1 ஜோடி = 350
மொத்தம் = 1,690 ரூபாய்

9 மாதம், மாதத்துக்கு 25 நாள் என்றால் 225 வேலை நாள். நாளுக்கு 7 ரூபாய் 51 காசு.

5. யார் கொடுப்பது?

வேலையில்லாத மழைக்காலத்துக்கு அரசு ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது அடுப்பு எரிவதற்கான பணம். அதில் மூன்றில் ஒரு பங்கைக் காலுக்கு எடுத்து வை என்று யாரும் சொல்ல முடியாது. காலணி வேலைக்கான கருவி. அதை உற்பத்திச் செலவில் எழுதுவதே முறை.

எழுதினால் உப்பு விலை எவ்வளவு ஏறும்? தொழிலாளர் எண்ணிக்கையைத் தாராளமாக 50,000 என்றே வைத்துக்கொள்வோம். 50,000 × 1,690 = 8 கோடியே 45 லட்சம் ரூபாய். 25 லட்சம் டன்னுக்குப் பகிர்ந்தால், டன்னுக்கு 33 ரூபாய் 80 காசு. கிலோவுக்கு 3.4 காசு.

கிலோவுக்கு நான்கு காசு கூடக் கொடுக்க மறுக்கும் வீடு தமிழ்நாட்டில் இருக்காது. உப்பள உரிமையாளர்கள் ஜனவரியில் பருவம் தொடங்கும் முன் ஒவ்வொரு தொழிலாளியின் பாதத்தையும், முதலில் பெண்களின் பாதத்தை, அளந்து எழுதி, அந்த அளவில் இரண்டு ஜோடி வாங்கித் தர வேண்டும். அந்த 3.4 காசை உப்பின் அடக்கவிலையில் அவர்கள் எழுதட்டும்; வாங்குகிற நாம் கொடுக்கிறோம்.