ஒயரைக் காப்பது ஒன்று, ஆளைக் காப்பது வேறு

வாஷிங் மெஷினுக்குள் ஒயர் ஒன்று தேய்ந்து தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஈரக் கையோடு ஒருவர் மெஷினைத் தொடுகிறார். அவர் உடல் வழியே 50 மில்லி ஆம்பியர் மின்சாரம் தரைக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இதயத் துடிப்பைக் குலைக்க இது போதும். போர்டில் இருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ அசையாது. 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். ஒயர் சூடேறி எரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. வேண்டும். இதை எலெக்ட்ரீஷியன்கள் பலர் இன்னும் இ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள்.

இது செய்வது கணக்குப் பார்க்கும் வேலை. பேஸ், நியூட்ரல் இரண்டு ஒயர்களும் இதனுள்ளே ஒரு காந்த வளையத்தின் வழியாகப் போகின்றன. போன மின்சாரம் அப்படியே திரும்பி வந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். கொஞ்சம் மண்ணுக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். வளையத்தில் சுற்றிய சுருளில் மின்சாரம் பிறந்து சுவிட்சைத் தட்டிவிடும். கசிவு 150 மில்லி ஆம்பியரானால், 30 மில்லி ஆம்பியர் கருவி 0.04 நொடிக்குள் இணைப்பை அறுத்தாக வேண்டும். எர்த் ஒழுங்காக இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும்.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தன்னார்வலர்களைக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, எந்த அளவு மின்சாரத்தில் கையை விட முடியாமல் போகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர்தான். 1961இல் அவர் உருவாக்கிய இதே வகைக் கருவியின் வழியில், அந்த நாட்டு வீடுகளில் இன்று 5 மில்லி ஆம்பியர் அளவே நடைமுறை.

இங்கே ஆர்.சி.சி.பி. சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 100, 300 அளவுகள் தீ விபத்தைத் தடுக்க உதவும். ஆளைக் காக்கப் போதாது.

அடிக்கடி விழுகிறது என்று இதைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடும் வீடுகள் உண்டு. அது மிகவும் ஆபத்து. பல இடங்களில் குற்றம் கருவியில் இல்லை; இன்வெர்ட்டர் போட்டபோது நியூட்ரல்களைக் கலந்துவிட்டிருப்பார்கள். அதைப் பிரித்தால் சரியாகிவிடும்.

ஒரு குறையும் உண்டு. மரப்பலகை மேல் நின்று ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போனது முழுதும் திரும்பி வருவதால் கருவிக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை இதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது அழுத்தியும் விழவில்லை என்றால், அன்றே எலெக்ட்ரீஷியனை அழைத்து மாற்றிவிட வேண்டும்.