பந்தி பரிமாறும் கைகளுக்கு ஒரு பாடவேளை

கும்பகோணத்தில் முகூர்த்த நாள் என்றால் விடியும் முன்பே மண்டபங்களின் பின்வாசலில் வேன்கள் வந்து நின்றுவிடும். இறங்குகிற இளைஞர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். ‘கேட்டரிங் வேலைக்குப் போறேன்’ என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள். மேஜையில் பேப்பர் சுருளை உருட்டி, இலை போட்டு, தண்ணீர் பாட்டில் வைத்து முடிப்பதற்குள் முதல் பந்தி உட்கார்ந்துவிடும். கேசரி, இட்லி, பொங்கல், வடை என்று ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். சாம்பார் வாளியைத் தூக்குகிறவருக்குக் கைப்பிடி விரலை அறுக்கும். கரண்டி சிந்தினால் பட்டுப்புடவை பாழாகும். கடைசிப் பந்தியின் இலையை எடுத்த பிறகுதான் பரிமாறியவர்கள் சாப்பிட உட்காருவார்கள். அதற்குள் கல்லூரியில் முதல் பாடவேளை முடிந்திருக்கும். இப்படி உழைத்துப் படிக்கிறவர்களை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் வேலைக்கு ஒரு கடிகாரம், வகுப்புக்கு ஒரு கடிகாரம் என்று இரண்டு இருக்கின்றன. ஒன்று ஓடுவது மற்றொன்றுக்குத் தெரியாது. நடுவில் நசுங்குகிறவர் மாணவர். இந்த இரண்டையும் பொருத்தி வைக்கும் பொறுப்பு கல்லூரிக்கும் கடைக்கும் அரசுக்கும் உண்டு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

காவிரிப் படுகையில் படிக்கிற பிள்ளை வேலை செய்வது புதிதல்ல. ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறந்து ஜனவரி 28இல் மூடுவது இங்குள்ள பாசன வழக்கம். தண்ணீர் வந்தால் குறுவை, அதன் பிறகு சம்பாவும் தாளடியும், தை மாதத்தில் அறுவடை. நாற்றுக் கட்டு தூக்கவும் களத்தில் நெல் அள்ளவும் விடுமுறை நாளில் வீட்டுப் பிள்ளைகள் இறங்குவார்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கிற காலத்தில் முழு ஆண்டுத் தேர்வு வரும். யாரும் திட்டமிடாமலே வயலின் நாட்காட்டியும் பள்ளியின் நாட்காட்டியும் ஓரளவு ஒத்துப்போயின. இன்று நடவுக்கும் அறுப்புக்கும் எந்திரம் வந்துவிட்டது. வயலில் கூலி நாட்கள் குறைந்துவிட்டன. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பல குடும்பங்கள் நம்பியிருந்த தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது. நிலத்தைக் காக்க 2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களையும் உருக்காலை போன்ற சில தொழில்களையும் இங்கே தடுக்கிறது. தடுத்தது சரியே. ஆனால் அதன் விளைவாக, படித்துக்கொண்டே சம்பாதிக்க நினைக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் எஞ்சுவது துணிக்கடை, ஓட்டல், கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், உணவு டெலிவரி ஆகியவைதான்.

இந்த வேலைகளின் நாட்காட்டி வயலைப் போல இல்லை. தேர்வோடு நேருக்கு நேர் மோதுகிறது. படுகையின் கல்லூரிகள் பெரும்பாலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பருவத் தேர்வுகள் நவம்பரிலும் ஏப்ரலிலும் வருகின்றன. துணிக்கடைகளில் நிற்க நேரமில்லாத வாரங்கள் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள். அதாவது நவம்பர்த் தேர்வுக்குப் படிக்க வேண்டிய வாரங்கள். ஏப்ரல் நடுவில் சித்திரை பிறந்ததும் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும். அங்கேயும் தேர்வு குறுக்கிடுகிறது. கூலி அதிகம் கிடைக்கிற நாளும் படிப்புக்கு அதிகம் தேவைப்படுகிற நாளும் ஒன்றாகிவிடுகின்றன. 75 சதவீத வருகை இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் சிக்கல், அபராதம்; எழுதினாலும் அரியர். அந்த அரியருக்குக் கட்டணம் கட்ட மறுபடியும் வேலை. சோம்பல் இல்லாத ஒருவர் இப்படிச் சுழலில் மாட்டிக்கொண்டால் அதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

இதற்குத் தீர்வு எப்படி இருக்கும் என்பதற்கான அடையாளம் நம் கையிலேயே இருக்கிறது. 2000களின் நடுவில் தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை பரவியது. இருக்கிற கட்டடத்தில் கூடுதலாக மாணவர்களைச் சேர்ப்பதே அதன் நோக்கம். ஆனால் அதன் பக்கப் பயன் பெரியது: காலை ஷிப்டில் படிப்பவருக்குப் பிற்பகலும், பிற்பகல் ஷிப்டில் படிப்பவருக்குக் காலையும் சொந்தமாகக் கிடைத்தன. அரை நாள் உறுதியாகத் தெரிந்தால்தான் கடை முதலாளியிடம் ‘இத்தனை மணிக்கு வருகிறேன்’ என்று சொல்ல முடியும். முழுநாள் வகுப்புக்குத் திரும்பலாம் என்ற யோசனை எழும்போது, வகுப்பறை எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. வேலைக்குப் போகிற மாணவர்கள் எத்தனை பேர் என்று சேர்க்கை விண்ணப்பத்திலேயே கேட்டு, அவர்களுக்கு எந்த ஷிப்ட் என்பதில் முன்னுரிமை கொடுக்க வேண்டும்.

‘வேலைக்கே போக வேண்டாம், உதவித்தொகையை உயர்த்துங்கள்’ என்பார்கள். நல்லெண்ணம் கொண்ட வாதம் இது. பாதி உண்மையும் கூட. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கின. மாதம் 1,000 ரூபாய் மாணவர் கணக்குக்கே வருகிறது. 2021–22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 சதவீதமாக இருக்கையில் தமிழ்நாட்டில் 47 சதவீதம். இத்திட்டங்களுக்கு முன்பிருந்தே தொடரும் நீண்ட கால ஆதரவு இல்லாமல் இந்த உயரம் இல்லை. ஆனாலும் 1,000 ரூபாய் என்பது நாளுக்கு 33 ரூபாய். ஜெராக்ஸுக்கும் மொபைல் ரீசார்ஜுக்கும் ஆகும். அப்பாவின் மருந்துக்கும் தங்கையின் படிப்புக்கும் ஆகாது. இன்னொன்றும் உண்டு. உதவித்தொகை மட்டுமே தாங்குகிற படிப்பு, அது நின்றால் சாய்ந்துவிடும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த சீனிவாச ராமானுஜன், கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். துணிக்கடைக் கணக்கராக இருந்த தந்தையின் வருமானத்தால் அதை ஈடுகட்ட முடியவில்லை. உதவித்தொகை வேண்டும், அதோடு மாணவர் தன் காலில் நிற்க ஒரு வழியும் வேண்டும்.

‘வேலையையும் படிப்பையும் கலந்தால் இரண்டும் கெடும், வருகையைத் தளர்த்தினால் பட்டத்துக்கு மதிப்பிருக்காது’ என்பது ஆசிரியர்கள் பலரின் கவலை. இதை ஒதுக்கிவிட முடியாது. வாரத்துக்குச் சுமார் 20 மணி நேரத்தைத் தாண்டும்போதுதான் வேலை படிப்பைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகள் சொல்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள் பிரிட்டனுக்குப் படிக்கப் போனால் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். அவை விசா விதிகள்தான். என்றாலும் வேலைக்கு அளவு வைக்க முடியும் என்பதைக் காட்டுகின்றன. அமெரிக்காவின் பெரியா கல்லூரி கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. ஒவ்வொரு மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரிக்காக வேலை செய்கிறார். மகாராஷ்டிரத்தில் பாவுராவ் பாட்டீல் 1919இல் தொடங்கிய ரயத் கல்விச் சங்கம் ‘சம்பாதித்துக்கொண்டே படி’ என்பதைக் கொள்கையாகவே வளர்த்தது. ஆகவே வருகை விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. வகுப்பும் ஆய்வகமும் வேலைக்குப் போகிற மாணவர்கள் வரக்கூடிய நேரத்தில் இருக்கட்டும், நூலகம் இரவு வரை திறந்திருக்கட்டும், கல்லூரி அலுவலகத்திலும் நூலகத்திலும் உள்ள சிறு வேலைகளுக்கு மாணவர்களையே சம்பளம் கொடுத்து அமர்த்தட்டும் என்றுதான் கேட்கிறோம்.

கடைக்காரர்கள், ‘சீசனில் ஆளை விட்டால் வியாபாரம் என்னாவது?’ என்று கேட்பார்கள். ஆனால் அவர்களுக்குக் கூட்டம் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான். மாணவர்கள் ஓய்வாக இருப்பதும் அப்போதுதான். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. நின்றே வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் திருத்தமும் வந்தது. இருக்கைக்குச் சட்டம் கொண்டுவர முடிந்த நமக்கு, தேர்வு வாரத்தில் வேலையை இழக்காமல் விடுப்பு எடுக்கும் உரிமையை மாணவ ஊழியருக்குத் தருவது எட்டாத காரியமல்ல. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ். கட்டணமில்லாப் பயணம் இருந்தும், கடை மூடும்போது பஸ் இல்லையென்றால் அந்த வேலை அவர்களுக்கு எட்டாது.

இந்தப் பொறுப்பு தஞ்சை மண்ணுக்கு அந்நியமானதல்ல. இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்களோடு மாணவர்களுக்கும் சோறும் படிப்பும் கிடைத்தன. மானிய நிலங்கள் அதைத் தாங்கின. அந்தச் சத்திரச் செல்வம் ஒரு சாதியின் பிள்ளைகளுக்கே பயன்பட்ட நிலையை மாற்றி, எல்லாப் பிள்ளைகளுக்கும் விடுதியைத் திறந்துவிட்டவர் ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம். படிக்கிறவரின் பசி ஊரின் கவலை என்று அந்தக் காலம் நினைத்தது. இன்றைய மாணவர் தன் சோற்றைத் தானே சம்பாதித்துக்கொள்கிறார். நம்மிடம் கேட்பது நேரம் மட்டுமே. பந்தியில் பரிமாறியவர் கடைசியாகச் சாப்பிடுவது வழக்கம். வகுப்பறையிலும் அவரைக் கடைசிப் பந்திக்குக் காத்திருக்கச் செய்ய வேண்டாம்.