ஆழத்தில் நிலைகொள்ளும் கலை

1914 மார்ச் 2ஆம் தேதி பிரிட்டனின் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து ஏஇ1, ஏஇ2 என்ற இரண்டு புதிய நீர்மூழ்கிக் கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. சூயஸ், ஏடன், கொழும்பு என்று வந்து, நம் மலாக்கா நீரிணையைத் தாண்டிச் சிங்கப்பூரில் தங்கி, மே 24 அன்று சிட்னியை அடைந்தன.

பிரிட்டிஷ் கடற்படையின் ‘இ’ வகைக் கப்பல்கள் அவை. நீளம் சுமார் 55 மீட்டர். அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்து, உண்டு, உறங்கினார்கள். கடலின் மேலே ஓட டீசல் எஞ்சின். அதற்குக் காற்று வேண்டும். ஆகவே நீருக்கடியில் பேட்டரியும் மின்மோட்டாரும்தான் துணை. பேட்டரி தீர்ந்தால் மேலே வந்து மின்னேற்றியாக வேண்டும்.

மூழ்குவதற்குத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்புவார்கள். எழுவதற்கு அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி அந்த நீரை வெளியேற்றுவார்கள். இரண்டையும்விடக் கடினமானது ஒரே ஆழத்தில் நிலைத்திருப்பது. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, கப்பலின் எடையும் அது விலக்கும் நீரின் எடையும் சமமாக இருக்க வேண்டும். உப்பு குறைந்த நீரில் கப்பல் தாழும். உப்பு மிகுந்த நீரில் மேலெழும்.

துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். கருங்கடலின் உப்பு குறைந்த நீர் மேலே ஒரு திசையில் ஓட, மத்தியதரைக் கடலின் உப்புநீர் அடியில் எதிர்த்திசையில் ஓடுகிறது. முதல் உலகப் போரின்போது, 1915 ஏப்ரல் 25, 26 தேதிகளில், ஹென்றி ஸ்டோக்கர் தலைமையில் ஏஇ2 கண்ணிவெடிகளுக்கு அடியில் புகுந்து அதைக் கடந்தது. நேச நாட்டுக் கப்பல்களில் அதைச் சாதித்த முதல் நீர்மூழ்கி அதுவே.

ஏப்ரல் 30 அன்று, நீரிணைக்கு அப்பாலுள்ள மர்மரா கடலில் அதன் சமநிலை தவறியது. கட்டுப்பாடில்லாமல் எழுவதும் ஆழத்தில் விழுவதுமாகத் தவித்த கப்பலை, சுல்தான்ஹிசார் என்ற துருக்கியப் படகின் குண்டுகள் துளைத்தன. ஸ்டோக்கர் ஆட்களை வெளியேற்றிவிட்டுக் கப்பலைத் தாமே மூழ்கடித்தார். 32 பேரும் உயிர்தப்பிக் கைதானார்கள். நால்வர் சிறைக்காலத்தில் இறந்தார்கள். ஏஇ1இன் முடிவு இன்னும் கொடியது. 1914 செப்டம்பரிலேயே அது நியூகினி பக்கம் 35 பேரோடு காணாமல் போனது. ஏஇ2 1998இலும் ஏஇ1 2017இலும் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன.

அவர்கள் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடத்தின் மேல்தான் இன்றைய நீர்மூழ்கிகள் ஓடுகின்றன. மலேசியாவின் முதல் நீர்மூழ்கியான துங்கு அப்துல் ரஹ்மான் 2009 செப்டம்பரில் போர்ட் கிள்ளானுக்கு வந்தபோதும், மூழ்கவும் எழவும் நம்பியிருந்தது அதே நீரையும் காற்றையும்தான். நம் வீரர்கள் பயிற்சி பெற்ற பிரெஞ்சு நீர்மூழ்கியை மலாக்காவின் கிளேபாங் கரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கோலாலம்பூர் செராஸிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பிள்ளைகளுக்கு ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் புத்தகத்தில் மட்டும் காட்டாதீர்கள். அந்தக் கப்பலின் அருகே நிறுத்திச் சொல்லிக்கொடுங்கள்.