முதல் பாலிஷர்: ரோட்டரியா, டூயல் ஆக்‌ஷனா?

கார் பாலிஷர் வாங்கப் போறீங்களா? முதல்ல என் கதையைக் கேளுங்க. அப்பாவோட காரில் இருந்த கீறலைப் போக்கலாம்னு ரோட்டரி மெஷினை வச்சு ஒரே இடத்துல அழுத்தினேன். பானட் விளிம்புல கிளியர் கோட்டே போயிடுச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா பானட் முழுக்க மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதாச்சு.

காரணம் இதுதான். கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். ரோட்டரி ஒரே அச்சில் சுத்தும். அழுத்தினாலும் நிக்காது, சூடு ஏறிக்கிட்டே போகும். டூயல் ஆக்‌ஷன்ல பேட் சுத்திக்கிட்டே சின்ன வட்டத்துல ஆடும். அதிகமா அழுத்தினா பெரும்பாலான மாடல்களில் சுழற்சி நின்னுடும். அந்தக் குறைதான் புதுசா பழகுறவங்களுக்குப் பாதுகாப்பு.

வாட்ஸை மட்டும் பார்க்காதீங்க. பேட் எவ்வளவு அகலமா ஆடுதுங்கிற 'த்ரோ'வையும் பாருங்க. 15 மி.மீ. இருந்தா பெரிய பரப்பு சீக்கிரம் முடியும். வளைவுகளுக்கு 8 மி.மீ. வசதி. முதல் மெஷினுக்கு 5 இஞ்ச் பேக்கிங் பிளேட் போதும்.

விளிம்புகளில் டேப் ஒட்டுங்க. மென்மையான பேட், மைல்டான பாலிஷ் வச்சு ஓரடி இடத்துல டெஸ்ட் பண்ணிட்டுத் தொடருங்க. டெஸ்ட் பண்ணாம எதையும் ரிலீஸ் பண்ணக்கூடாதுன்னு ஆபீஸ்ல தினமும் சொல்றவன் நான், பானட்ல மறந்துட்டேன்.