சுழற்றுமுன் சோதிப்போம்

ட்ரோன் என வழங்கும் ஆளில்லாச் சிறு வானூர்தி இன்று வயலுக்கு மருந்து தெளிக்கிறது, நிலம் அளக்கிறது, மணவிழாவைப் படம் பிடிக்கிறது. நான்கு மோட்டார்களால் பறக்கும் ஊர்தியில் ஒன்று நின்றாலும் அது நிலைகுலைந்து வீழும். கீழே நிற்போர்க்கும் அது தீங்காய் முடியும். எனவே, மின்பழுது நேர்ந்த ஊர்தியின் மோட்டார்களைச் சோதித்தறியும் முறையை ஈண்டுக் காண்போம்.

அமைப்பும் பழுதும்

தூரிகையில்லா மோட்டாரில் அசையாத நிலையகம், சுழலும் சுழலகம் என இரு பகுதிகள் உள்ளன. 2212 எனக் குறிக்கப்படும் மோட்டாரைச் சான்றாகக் கொள்வோம். அதன் நிலையகம் 22 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. உயரமும் உடையது. அதில் எனாமல் பூசிய செப்புக் கம்பி மூன்று கட்டங்களாகச் சுற்றப்பட்டிருக்கும். அதனைச் சூழ்ந்து சுழலும் கிண்ணத்தின் உட்புறத்தில் நியோடிமியக் காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். பழைய மோட்டார்களில் கரித்தூரிகைகள் ஆற்றிய பணியை இங்கு வேகக் கட்டுப்படுத்தி என்னும் மின்னணுக் கருவி ஆற்றுகிறது. அதிலுள்ள மாஸ்ஃபெட்டுகள் மூன்று கட்டங்களுக்கும் மின்னோட்டத்தை முறைமாற்றி அளிக்கின்றன.

கட்டுப்படுத்தியில் மாஸ்ஃபெட் பழுதுற்றால் மின்னோட்டம் தடையின்றிப் பாய்ந்து மோட்டாரின் சுருளைக் கருக்கும். சுருளில் எனாமல் கருகிக் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அளவிறந்த மின்னோட்டம் ஈர்க்கப்பட்டுக் கட்டுப்படுத்தி எரியும். நோய் இருபுறமும் தொற்றும் தன்மையது. ஆதலின், மோட்டாரைச் சோதியாது புதிய கட்டுப்படுத்தியைப் பொருத்துவோர் அதனையும் இழக்க நேரிடும்.

கண்ணும் கையும்

முதற்கண் மின்கலத்தையும் விசிறி இறக்கைகளையும் அகற்றுதல் வேண்டும். சுருள் கறுத்துள்ளதா, கருகிய நாற்றம் வருகிறதா என நோக்குவோம். பின்னர்க் கையால் மெல்லச் சுழற்றுவோம். காந்தங்களின் ஈர்ப்பால் படிப்படியாக அசைதல் இயல்பு. கரகரப்பு பேரிங்கின் பழுதைக் காட்டும்.

கட்டுப்படுத்தியோடு இணைந்திருக்கையில் சுழல மறுக்கும் மோட்டார், மூன்று கம்பிகளையும் பிரித்தபின் எளிதாகச் சுழலுமாயின், குற்றம் பெரும்பாலும் கட்டுப்படுத்தியில் உள்ளது. கம்பிகள் ஒன்றையொன்று தொடாத நிலையிலும் அது இறுக்கமாகவே சுழன்று, பேரிங்கும் பழுதற்றிருந்தால், சுருளுக்குள் குறுக்குச்சுற்று உண்டு என ஐயுறலாம். மூடிய சுற்றில் தூண்டப்படும் மின்னோட்டம் தன்னைத் தோற்றுவித்த அசைவையே எதிர்க்கும் என லென்ஸ் 1834இல் உரைத்த விதியே இதற்குக் காரணம்.

கருவிச் சோதனைகள்

மல்டிமீட்டர் கொண்டு மூன்று கம்பிகளையும் இரண்டிரண்டாகத் தொட்டால் மூன்று இணைகளிலும் தொடர்பு இருத்தல் வேண்டும். எந்தக் கம்பிக்கும் மோட்டாரின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு இருத்தல் ஆகாது. ஆயினும், சுருளின் மின்தடை ஓர் ஓமின் சிறு பகுதியே ஆதலால், சில சுற்றுகள் மட்டும் கருகியதைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டாது.

அதற்கு ஓம் விதி துணை செய்யும். மின்னோட்டத்தை வரையறுக்கும் மின்வழங்கியால் 1 ஆம்பியரை ஓர் இணையின் வழியே சிறிது நேரம் செலுத்தி, கம்பிகளின் முனையில் மின்னழுத்தத்தை அளப்போம். 100 மில்லிவோல்ட் எனில் மின்தடை 0.1 ஓம். மூன்று இணைகளின் அளவும் ஒத்திருத்தல் வேண்டும்.

மற்றொரு முறை, மோட்டாரையே மின்னாக்கியாக மாற்றுவது. தண்டினைத் துளையிடும் பொறியில் பொருத்தி ஒரே வேகத்தில் சுழற்றி, ஒவ்வோர் இணையிலும் மாறுமின்னழுத்தத்தை அளப்போம். ஓர் இணை வேறுபட்டால் சுருளில் பழுது உண்டு. மூன்று இணைகளும் தமக்குள் ஒத்திருந்தும் மற்ற மூன்று மோட்டார்களைவிடக் குறைவாகக் காட்டினால் காந்தம் வலுவிழந்தது எனக் கொள்ளலாம். சாதாரண வகை நியோடிமியக் காந்தங்கள் ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்கு மேல் ஆற்றல் குன்றத் தொடங்கும்.

நிறைவாக

இவற்றில் தேறிய மோட்டாரை மட்டுமே நல்ல கட்டுப்படுத்தியோடு இணைத்து, மின்னோட்டத்தை வரையறுத்து, இறக்கையின்றிக் குறைந்த வேகத்தில் ஓட்டுவோம். அது ஈர்க்கும் மின்னோட்டமும் அடையும் சூடும் மற்ற மோட்டார்களோடு ஒத்திருப்பின் இறக்கையைப் பூட்டலாம். ஐயம் எஞ்சுமாயின் மோட்டாரை மாற்றுதலே அறிவுடைமை. புதிய மோட்டாரின் விலை பெரிதன்று. வானிலிருந்து வீழும் ஊர்தியால் விளையும் கேடோ அளவிடற்கரியது.